ஒரே ஊரில் வறட்சியும் வெள்ளமும்: காற்றின் தாகம் செய்யும் வேலை

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை, மார்கழியில் பனி என்பதுதான் தென்மாவட்டத்துக் கணக்கு. மறுநாள் காலையில் காயல்பட்டினத்தில் மழைமானியைப் பார்த்தால் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்திருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டிய சராசரி மழையே ஏறத்தாழ 65 செ.மீ.தான்.

95 செ.மீ. என்று சொன்னால் மனதில் ஒன்றும் நிற்காது. 600 சதுர அடி மொட்டைமாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதன்மீது மட்டும் விழுந்த தண்ணீர் சுமார் 53,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி நான்கைக் கவிழ்த்த பிறகும் மிச்சம் இருக்கும். ஒரு சின்ன வீட்டுக்கே இவ்வளவு என்றால் தெருவுக்கு, ஊருக்கு, ஆற்றுப்படுகை முழுவதுக்கும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தாமிரபரணியில் விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் போனது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் பயணிகளோடு நின்றது.

அதே மாவட்டத்தின் ஏழு வருஷத்துக்கு முந்திய நிலைமையையும் சொல்ல வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்த வருஷம் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் எங்கள் பெரியப்பாவின் காட்டுக்குப் போயிருந்தேன். புரட்டாசியில் விதைத்த உளுந்து முளைத்து, நாலு இலை விட்டு, அப்படியே கருகிக் கிடந்தது. நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பெரியப்பா கையிலிருந்த கம்பை ஒரு வெடிப்புக்குள் விட்டார். முழங்கை ஆழத்துக்கு மேலேயே போனது. வெளியே இழுத்து நுனியைத் தொட்டுப் பார்த்தார். ஈரமே இல்லை.

“உள்ள இருந்ததையும் காத்து குடிச்சிருச்சுய்யா” என்றார்.

பேச்சுவாக்கில் சொன்னதுதான். ஆனால் காலநிலை மாற்றம் வறட்சியையும் வெள்ளத்தையும் எப்படிச் சேர்த்தே கொண்டுவருகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பலருக்கும் இங்கேதான் குழப்பம் வருகிறது. உலகம் சூடாகிறது, அதனால் வறட்சி என்றால் புரிகிறது. அதே சூட்டால் வெள்ளமும் வரும் என்றால், எது நடந்தாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்களே என்று எரிச்சல் வருகிறது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் இரண்டையும் செய்வது காற்றின் ஒரே குணம்.

காற்று சூடாகச் சூடாக அதில் தங்கக்கூடிய நீராவியின் அளவு கூடும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவி தங்கும். 30 டிகிரியில் அது 30 கிராம் ஆகிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறியப்பட்ட இயற்பியல். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கொள்ளளவு கூடினால் தாகமும் கூடும். தூத்துக்குடியில் இதை விளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, உப்பளத்துக்குப் போனால் போதும். கடல்நீரையோ நிலத்தடி உப்புநீரையோ பாத்தியில் தேக்கிவைக்கிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுப்போகின்றன. காற்று எவ்வளவு வறண்டு, எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் உப்பு வாரலாம். உப்பளத்துக்கு வரமாக இருக்கும் இந்த ஆவியாதல் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு மானாவாரிக் காட்டில் சாபமாகிறது. பாத்தியிலிருந்து தண்ணீரை எடுக்கும் அதே காற்றுதான் குளத்திலிருந்தும், மண்ணிலிருந்தும், உளுந்துச் செடியின் இலையிலிருந்தும் எடுக்கிறது. மழை கொஞ்சம்கூடக் குறையாத வருஷத்தில்கூட, சூடு கூடிவிட்டால் மண்ணின் ஈரம் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். போன தலைமுறையில் இரண்டு மழைக்கு நடுவே இருபது நாள் தாக்குப்பிடித்த பயிர் இப்போது அதற்கு முன்னாலேயே வாடுகிறது என்று விவசாயி சொன்னால் அது வெறும் புலம்பல் இல்லை. காற்றின் தாகம் கூடிய கணக்கு அதில் இருக்கிறது.

சரி, குடித்த தண்ணீர் எங்கே போகும்? என்றைக்காவது ஒரு நாள் கீழே விழுந்துதான் ஆக வேண்டும். நீராவி நிறைந்த காற்று மேலெழுந்து குளிரும்போது, முன்பைவிட அதிகமான தண்ணீர் அதில் இருக்கிறது. அது மட்டும் இல்லை. நீராவி நீர்த்துளியாக மாறும்போது, தான் ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திரும்ப வெளியே விடுகிறது. அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளி, கீழே கடல்மேல் இருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. மழையே மழைக்குத் தீனி போடுகிறது. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையில் சில இடங்களில் அந்த 7 சதவீதத்தையும் தாண்டிப் பெருக்கம் தெரிவது இதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காற்றின் கொள்ளளவு டிகிரிக்கு 7 சதவீதம் கூடினாலும், உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் பெய்யும் மொத்த மழை டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. ஏனென்றால் மொத்த மழையைத் தீர்மானிப்பது காற்றின் கொள்ளளவு மட்டும் இல்லை. மழை விட்ட வெப்பத்தை வளிமண்டலம் எவ்வளவு வேகமாக விண்வெளிக்கு வெளியேற்ற முடியும் என்பதும் சேர்ந்துதான். இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரிய மழை ஒவ்வொன்றும் 7 சதவீதம் கனக்கிறது. மொத்தம் 1 முதல் 3 சதவீதம்தான் கூடுகிறது. அப்படியென்றால் மிச்சத்தை எங்கேயோ குறைத்துத்தானே ஆக வேண்டும்? சின்ன மழைகள் குறைகின்றன, மழை இல்லாத நாட்கள் நீள்கின்றன. பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்தால் அது மறுபடி நிரம்பவும் அதிக நாள் ஆகும்.

மாதம் மும்மாரி பெய்ய வேண்டும் என்று நம் ஆட்கள் வாழ்த்தியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். நிறையப் பெய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை, பகிர்ந்து பெய்ய வேண்டும் என்று கேட்டார்கள். சூடாகும் உலகம் முதலில் கெடுப்பது இந்தப் பகிர்வைத்தான்.

இந்தியாவின் நடுப்பகுதியில் இதற்கு நல்ல சான்று உண்டு. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 1950க்கும் 2015க்கும் இடையில் மத்திய இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையின் மொத்த அளவு குறைந்துவந்திருக்கிறது. அதே காலத்தில் பரவலான அதிகன மழை நிகழ்வுகள் மூன்று மடங்கு ஆகியிருக்கின்றன. மொத்தம் குறைந்தது, கொட்டுவது கூடியது. ஒரே இடம், ஒரே பருவம்.

காலநிலை மாற்றம் குறித்து ஐ.நா.வின் ஐபிசிசி அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை உலகக் கணக்கைத் தருகிறது. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்த ஒருநாள் பெருமழை, உலகம் 1 டிகிரி சூடானால் 1.3 மடங்கு அடிக்கடி வரும். 2 டிகிரி ஆனால் 1.7 மடங்கு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வந்த விவசாய வறட்சி, வறண்டுவரும் பகுதிகளில், 1 டிகிரிக்கு 1.7 மடங்கு, 2 டிகிரிக்கு 2.4 மடங்கு. 1 டிகிரியை நாம் ஏற்கெனவே தாண்டிவிட்டோம்.

ஆனால் எந்த வருஷம் வறட்சி, எந்த வருஷம் வெள்ளம் என்பதைச் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறிச் சூடாகும் இருமுனை நிகழ்வும் மழையை இங்கும் அங்கும் தள்ளுகின்றன. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ வருஷங்கள் பெரும்பாலும் சாதகமானவை. இந்தியாவின் மற்ற பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவத்தில் அது பாதகம். 2015இல் வலுவான எல் நினோ, சென்னையில் வெள்ளம். 2016இல் பசிபிக்கில் லேசான லா நினா, அதாவது எல் நினோவுக்கு எதிரான குளிர்ந்த நிலை, இந்தியப் பெருங்கடலிலும் நிலைமை எதிர்ப்பக்கம் திரும்பியது, இங்கே மழை பொய்த்தது. 2023இல் மறுபடி எல் நினோ. இந்த ஊஞ்சல் மனிதர்கள் நிலக்கரியை எரிப்பதற்கு முன்பிருந்தே ஆடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஊஞ்சல் எந்தப் பக்கம் போனாலும், அங்கே காத்திருக்கும் காற்றும் கடலும் முன்பைவிடச் சூடாக இருக்கின்றன. வறண்ட பக்கம் போனால் ஈரம் சீக்கிரம் தீர்கிறது. ஈரமான பக்கம் போனால் கொட்டுவது கூடுகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இது மிகக் கொடூரமாகத் தெரிந்தது. 2020 அக்டோபரில் தொடங்கி அடுத்தடுத்து ஐந்து மழைப்பருவங்கள் தெற்கு எத்தியோப்பியா, சோமாலியா, கிழக்கு கென்யா முழுக்கப் பொய்த்தன. ஆடுமாடுகளையே சொத்தாகக் கொண்ட மக்கள் அவை செத்துவிழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட நிகழ்வுகளில் காலநிலை மாற்றத்தின் பங்கைக் கணக்கிடும் உலக வானிலை காரணமறிதல் குழு இதை ஆராய்ந்து சொன்னது முக்கியமானது: மழைக் குறைவோடு கூடுதல் சூட்டால் நடந்த ஆவியாதலும் சேர்ந்துகொண்டதால், இந்த வறட்சிக்கான வாய்ப்பு குறைந்தது நூறு மடங்கு கூடியிருக்கிறது. 1.2 டிகிரி குளிர்ந்த பழைய உலகில், இதே அளவு மழைக் குறைவு வறட்சியாகவே மாறியிருக்காது. அப்புறம் 2023 அக்டோபரில் மழை வந்தது. வறட்சியில் எல்லாவற்றையும் இழந்தவர்களின் கூடாரங்களை அந்த மழை அடித்துக்கொண்டு போனது. எந்த எல் நினோ அந்த வருஷம் காயல்பட்டினத்தின் பருவத்தை வலுப்படுத்தியதோ அதுவும், இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிகழ்வும் சேர்ந்து அங்கேயும் பின்னால் இருந்தன.

இனி சென்னை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. அந்த ஒருநாள் மழையைப் பற்றி மறுவருஷமே ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. காலநிலை மாற்றத்தின் தெளிவான கைரேகை அந்த மழையில் தெரியவில்லை என்றது. சென்னையை ஒட்டிய வங்கக்கடல் அந்தக் காலகட்டத்தில் பெரிதாகச் சூடாகியிருக்கவில்லை. வெயிலைத் தடுக்கும் வான்தூசி, அதாவது இந்தியாவின் காற்றில் மிதக்கும் புகையும் தூசும், சூட்டின் விளைவை ஓரளவு மறைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் மலையைச் சரித்த மழையைப் பற்றி வேறு விடை கிடைத்தது. காலநிலை மாற்றத்தால் அது சுமார் 10 சதவீதம் கனத்திருந்தது. ஆக, ஒவ்வொரு நிகழ்வையும் தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. எல்லா வெள்ளத்தையும் பருவநிலைமேல் போட்டுவிட்டு, ஆற்றங்கரையில் பட்டா கொடுத்தவர்கள் தப்பித்துக்கொள்ள இடம் தரக்கூடாது. எங்கள் மாவட்டத்தில் வரத்துக்கால்கள் அடைபட்டதற்கும், குளத்துக்குள் சீமைக்கருவேலம் காடானதற்கும் கார்பன் டை ஆக்சைடு காரணம் இல்லை.

2015இல் மூழ்கிய அதே சென்னைக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. நான்கு வருஷ இடைவெளியில் இரண்டும்.

ஓர் ஏரியின் மதகுக்குப் பொறுப்பான அதிகாரியின் இடத்தில் நின்று இதை யோசித்துப் பாருங்கள். நவம்பர் கடைசி. ஏரி முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் பருவமழை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த அக்டோபர் வரை நகரம் இந்தத் தண்ணீரைத்தான் பெருமளவு நம்பியிருக்கிறது. இப்போது திறந்துவிட்டு, அடுத்த மழை வராமல் போனால் ஏப்ரலில் தெருத்தெருவாகக் குடம் நிற்கும். திறக்காமல் வைத்திருந்து ஒரே இரவில் 40 செ.மீ. பெய்தால், நிரம்பிய ஏரியைக் காப்பாற்ற நள்ளிரவில் மொத்தமாகத் திறக்க வேண்டிவரும், கீழே இருப்பவர்கள் தூக்கத்தில் இருப்பார்கள். 2015 டிசம்பர் 1 இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. வறட்சியும் வெள்ளமும் தனித்தனியாக வருஷங்கள் இடைவெளி விட்டு வந்த காலத்தில், பழைய மழைப்பதிவைப் பார்த்து இந்த முடிவை எடுக்கலாம். இரண்டும் நெருங்கிவரும்போது அந்தப் பதிவேடு கைவிட்டுவிடுகிறது. இதில் துல்லியமான முன்னறிவிப்பு எவ்வளவு உயிரைக் காப்பாற்றும் என்பது சொல்லாமலே விளங்கும். 2023இல் தென்மாவட்டங்களில் கொட்டியது புயல்கூட இல்லை, குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சி. புயல் என்றால் பெயர் உண்டு, கரையைக் கடக்கும் நேரம் உண்டு, டிவியில் நாலு நாள் பேசுவார்கள். இதற்குப் பெயரே கிடையாது.

மண்ணும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். நீண்ட வெயிலில் வெடித்த கரிசல், முதல் மழையை வெடிப்பு வழியாக மளமளவென்று குடிக்கும். கொஞ்ச நேரத்தில் உப்பி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணீர் உள்ளே இறங்குவது மிக மெதுவாகத்தான், மேலே ஓடிவிடும். செம்மண்ணில் மேல்பரப்பு இறுகி ஓடு கட்டிவிடும். ஆக, வறட்சிக்குப் பிறகு வரும் பெருமழை வறட்சியைத் தீர்த்துவிடும் என்று நம்ப முடியாது. இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்யும் 10 செ.மீ. மழையில் கிடைக்கும் ஈரத்தில் பாதிகூட ஒரு மணி நேரத்தில் கொட்டும் 10 செ.மீ.யில் சில வேளை தங்காது. அதோடு மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும்.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் கண்மாய்களும் இருக்கின்றன. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்துவைத்தார்கள். கொட்டும் நாளில் வெள்ளத்தை வாங்கி, கொட்டாத நாளில் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. வறட்சிக்கு ஒரு துறை, வெள்ளத்துக்கு ஒரு துறை, இரண்டுக்கும் தனித்தனி நிவாரணக் கோப்பு என்று இன்று நாம் பிரித்துவைத்திருப்பதை, அன்று ஒரே கரையில் கட்டினார்கள். 95 செ.மீ. மழையை எந்தக் குளமும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் இனி நாம் அடிக்கடி பார்க்கப்போவது 20 செ.மீ., 25 செ.மீ. மழைகளை. தூர்வாரிய குளமும், திறந்த வரத்துக்காலும், இப்போதைய மழைக்கு ஏற்றபடி அகலப்படுத்திய மறுகாலும் இருந்தால் அவற்றில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். பழைய மழைப்பதிவின் சராசரியை வைத்து இன்றைக்கும் பாலத்தின் கண்ணையும் வடிகாலின் அகலத்தையும் தீர்மானிப்பது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. இரண்டு வருஷம் காய்ந்து ஒரு வருஷம் மூழ்கினாலும் சராசரி சரியாகத்தான் வரும். விதைத்தவனுக்கு மூன்று வருஷமும் போயிருக்கும்.

2023 வெள்ளம் வடிந்து நாலாவது நாள் ஏரல் பக்கத்திலிருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அதற்குக் கீழே எல்லாம் ஆற்றின் நிறம். நெல் மூட்டை, மெத்தை, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் வாசலில் குவித்துவைத்திருந்தார்கள். ஆற்றுக்குள் இருந்த உறைகிணறும் மோட்டாரும் குழாயும் போய்விட்டதால் ஊரில் குடிதண்ணீர் இல்லை. தெருமுனையில் குடங்கள் வரிசையாக இருந்தன. காலுக்குக் கீழே இன்னும் ஈரச்சேறு. அத்தை தன் குடத்தைக் காலால் ஒதுக்கி, எனக்கு உட்கார இடம் பண்ணிக்கொடுத்தாள்.

“லாரி பதினோரு மணிக்கு வரும்னு சொன்னாங்கய்யா” என்றாள். மணி ஒன்றரை.